பன்னிரண்டாவது துணி

கைகள் காரின் பின்சீட்டைத் தூக்கி ஷெட் சுவரில் சாய்த்துவிட்டன. சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேங்கின் கறுப்பு மூடியைச் சுற்றி மாதக்கணக்கான புழுதி. இடது கை சின்னப் பிரஷ்ஷால் கூட்ட, வலது கை காற்றுக்குழாயால் ஊதியது. மூடியைத் திறக்கும் முன்பே ஊதிவிட வேண்டும். திறந்தபின் ஊதினால் எல்லாம் பெட்ரோலுக்குள் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று. குழாயில் இருந்த அழுத்தத்தை இறக்கியாயிற்று. மூடியின் வளையத்தைச் சுழற்ற இரும்பு உளியை எடுக்காமல், ஒரு மரத்துண்டை வைத்து ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டின கைகள். பெட்ரோல் வாடை நிறைந்த இடத்தில் இரும்பும் இரும்பும் உரசக் கூடாது.

வளையம் கழன்றது. பெட்ரோல் பம்ப்பைச் சிறிய டிபன் கேரியரைத் தூக்குவதுபோல் நேராகத் தூக்கி, சொட்ட விட்டு, தட்டில் கிடத்தின. அதன் அடியில், பெட்ரோலை உறிஞ்சும் இடத்தில், தபால்தலை அளவு வலை. வலை சுத்தமாக இருந்தது.

வலது கை டேங்குக்குள் இறங்கியது. மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. டேங்கின் நடுவே ஒரு தடுப்பு உண்டு. வண்டி திரும்பும்போது பெட்ரோல் அலம்பாமல் இருப்பதற்காக. அந்தத் தடுப்பின் மறுபக்கத்தை விரல்கள் தடவின. வழவழப்பான அடித்தளத்தில் ஏதோ ஒன்று நழுவியது. பிடித்தன. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. துணி. அதன் ஓரம் நெருக்கமாக, மேடாக, பிசிறில்லாமல் இருந்தது. நூல் பிரியாமல் மிஷினில் ஓவர்லாக் அடித்த ஓரம்.

வெளியே எடுத்துத் தட்டில் வைத்தபோது ஓரத்தின் அரக்கு நிற நூலும் தெரிந்தது.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் போகும் சாலையில் தகர ஷெட் போட்டு கார் வேலை பார்க்கும் சுவிசேஷமுத்துவுக்கு, அது யாருடைய துணி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டாரத்திலேயே ஓவர்லாக் அடித்த துடைப்புத் துணி வைத்திருக்கும் மெக்கானிக் அவர் ஒருவர்தான்.

மற்ற ஷெட்டுகளில் மூட்டையாகப் பனியன் வேஸ்ட் வாங்கிப் போட்டிருப்பார்கள். எண்ணெய் துடைக்க அது போதும். ஆனால் அதிலிருந்து நூல் பிரியும். இன்றைய வண்டிகளில் பெட்ரோல் தெளிக்கும் துளை தலைமயிரைவிட மெல்லியது. ஒரு நூல் போதும் அடைக்க. அதனால் முத்துவின் மனைவி கெசியா, வீட்டில் ரவிக்கை தைத்து மிஞ்சும் லைனிங் துணியைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் மிஷினில் அடித்துக் கொடுப்பாள். மொத்தம் பன்னிரண்டு. பெட்ரோல் டேங்க் வேலை என்றால் தொடங்கும்போது பன்னிரண்டு எண்ணி மேசைமேல் வைக்க வேண்டும், முடிக்கும்போது பன்னிரண்டு எண்ணி எடுக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் பஞ்சு எண்ணுவார்களாம், அதுபோல. யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. பம்மலில் ஒரு லேத்துப் பட்டறையில் தொடங்கி, கார்புரேட்டர் வேலைக்காரர்களோடு நின்று பழகி, வண்டிக் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வந்தபோது ஒயரிங் படங்களைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் தமிழில் எழுதிப் படித்த மனிதர். இந்த எண்ணிக்கை அவரே தமக்குப் போட்டுக்கொண்ட விதி.

அந்த விதியை ஒரே ஒரு நாள் அவர் மறந்தார். போன கார்த்திகையில், ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்த வாரம்.

அந்த வாரம் ஷெட் வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. எல்லாம் தண்ணீரில் நின்ற வண்டிகள். அதில் ஒன்று ஷீலா டீச்சருடையது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இரண்டு முழங்காலும் ஆபரேஷன் ஆனவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் வைத்த சிவப்பு வண்டி. ஆறு வருடமாக அதை ஓட்டி வந்தவன் அனகாபுத்தூர் அன்பு.

டேங்குக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. முத்து பெட்ரோலை எல்லாம் இறைத்துவிட்டு, அடியில் தங்கிய கடைசித் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஷெட் கூரை ஒழுகியது. திறந்த டேங்குக்குள் சொட்டு விழாமல் அன்புதான் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றான்.

"இன்னாண்ணா, தொடைக்கிற துணிக்குப் போயி ஓவர்லாக்கு? என் சட்டைக்கே இல்லியே."

"நீ சட்டையைக் கொண்டாந்து உங்க அண்ணிகிட்ட குடு. அடிச்சுத் தருவா."

"அப்பறம் என்னையும் சேத்து எண்ணி மேசைல வெச்சுருவ."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வேளச்சேரி ரோட்டில் ஒரு வண்டி நடுவில் நின்றுவிட்டதாம். முத்து அவசரமாகப் பம்ப்பை இறக்கினார், வளையத்தை இறுக்கினார், ஓடினார்.

நாலு நாள் கழித்துத் துணிகளைத் துவைத்துக் காயப்போட்ட கெசியா கேட்டாள்: "ஏங்க, பதினொண்ணுதான் இருக்கு?"

"மழைல எங்கியாவது பறந்திருக்கும்."

அப்போதே அவருக்கு டேங்க் நினைப்பு வந்தது. ஏழு வண்டி, எந்த வண்டி என்று போய்த் திறப்பது? அந்த நினைப்பை அப்படியே மூடி வைத்தார்.

தை பிறந்ததும் டீச்சரின் வண்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. தெருவில் ஓட்டினால் நன்றாக ஓடும். தாம்பரம் மேம்பாலத்தில் ஏறினால் திக்கும், பலம் போய்விடும், எஞ்சின் விளக்கு எரியும். ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

டர்போ என்பது எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சின்ன விசிறி. மேடு ஏறும்போது அது முழுமூச்சாகச் சுழலும். காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். காற்று வந்து பெட்ரோல் வராவிட்டால் இப்படித்தான் திக்கும். முத்துவுக்கு இது தெரியும். முறையாகத்தான் பார்த்தார். டர்போ குழாய்களுக்குச் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினார். சென்சாரைக் கழற்றித் துடைத்தார். பிளக், இக்னிஷன் காயில் இரண்டையும் மாற்றிப் பார்த்தார். ஸ்கேனரைச் செருகினால் பெட்ரோல் அழுத்தம் குறைவு என்று காட்டியது. அடுத்த இடம் டேங்க். அதை அவர் திறக்கவில்லை.

டேங்க் சுத்தம், நானே மூடினேன் என்று நினைத்தார். வேறொரு மெக்கானிக் மூடியிருந்தால் அதைத்தான் முதலில் திறந்திருப்பார்.

தையில் வண்டி இரண்டு முறை ஷெட்டுக்கு வந்தது, இரண்டு முறையும் பெட்ரோல் முள் கீழே கிடந்தது. டேங்க் காலியாக ஓட்டினால் பம்ப் சூடாகும், அழுத்தம் குறையும். அதுவும் உண்மைதான். அன்பு சொன்னான்: "சண்டேக்கு சண்டே போடச் சொல்றதே டீச்சர்தாண்ணா. நடுவுல கேட்டா, இவ்ளோ சீக்கிரம் எங்க போச்சுன்னு கேக்கறாங்கோ." முத்து அதைக் காதில் வாங்கவில்லை. டீச்சர் போனில், "என்னதான் பிராப்ளம் முத்து? எனக்குத் தெளிவா சொல்லுங்க" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் இது:

"வண்டில ஒண்ணும் இல்லீங்க மேடம். பெட்ரோல் போடற கையைப் பாருங்க."

அவ்வளவுதான். திருட்டு என்று சொல்லவில்லை. முள் கீழேயே இருக்க விடுகிறான் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். டீச்சர் ஆறு வருடத்துப் பெட்ரோலையும் ஒரே நிமிடத்தில் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மறுநாள் அன்புவிடம் சாவியை வாங்கிக்கொண்டார். குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், 'நம்பகமான டிரைவர் தேவை. பெட்ரோல் விஷயத்தில் நேர்மையானவராக இருக்க வேண்டும்' என்று போட்டார். பெயர் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. அன்று முதல் அந்தக் குடியிருப்பில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்தில் யாரும் அன்புவை வண்டி ஓட்டக் கூப்பிடவில்லை. அவன் அனகாபுத்தூரில் தண்ணீர் கேன் ஏற்றும் டெம்போவுக்குப் போய்விட்டான்.

கூப்பிடும்போது மட்டும் வரும் புது டிரைவர் முதல் நாளே டேங்க்கை நிரப்பினார். வண்டி மூன்று வாரம் திக்காமல் ஓடியது. "பார்த்தீங்களா, நீங்க சொன்னது சரியாப் போச்சு" என்றார் டீச்சர். முத்துவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மூன்று வாரம் அவர் நன்றாகத் தூங்கினார். இப்போது நினைத்தால் அதுதான் அவருக்குக் கூசியது.

நேற்றுக் காலை டீச்சர் மறுபடியும் போன் செய்தார். மேம்பாலத்தின் நட்டநடுவில் வண்டி நின்று, பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தானாம்.

"டேங்க் முக்கால் இருக்கு முத்து. அன்பு போய் ஒரு மாசம் ஆச்சு. இப்போ நான் யார் கையைப் பார்க்கணும்?"

முத்து வண்டியை எடுத்து வரச் சொன்னார். இந்த முறை ஊகம் வேண்டாம் என்று, டேங்க்கிலிருந்து வரும் குழாயில் ஒரு பிரஷர் மீட்டரை இணைத்து, அதன் நீளக் குழாயைப் பானட் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து, மீட்டரை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினார். மேம்பாலத்துக்கு ஓட்டினார். சமதரையில் முள் ஐந்தில் நின்றது. ஏற்றத்தில் காலை அழுத்தினார். டர்போ விசில் எழுந்தது. முள் நாலு, மூன்று, இரண்டு. வண்டி திக்கியது. ஓரமாக நிறுத்தி, அணைத்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் உட்கார்ந்தார். திரும்ப எடுத்தார். முள் ஐந்து.

தேய்ந்த பம்ப் இரண்டு நிமிட ஓய்வில் முழுசாக எழுந்து நிற்காது. ஏதோ ஒன்று, பம்ப் உறிஞ்சும்போது போய் வாயில் ஒட்டிக்கொள்கிறது. அணைத்ததும் விலகி விழுகிறது. பாலத்தின் சரிவில் இறங்கும்போது கெசியாவின் குரல் கேட்டது. பதினொண்ணுதான் இருக்கு.

இப்போது தட்டில் அந்தத் துணி கிடக்கிறது.

ஷெட்டில் வேறு யாரும் இல்லை. முத்து அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். குப்பைத்தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. 'வலை அடைச்சிருந்தது மேடம், சுத்தம் பண்ணிட்டேன்' என்றால் டீச்சர் நம்புவார். அது முழுப் பொய்கூட இல்லை. அந்தக் குடியிருப்பில் நாலு வண்டி அவரிடம்தான் வருகிறது. அன்புவுக்கும் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். பெட்ரோல் காய்ந்து கை வெளுத்து எரிந்தது. கழுவத் தோன்றவில்லை.

சாப்பாட்டுப் பையோடு கெசியா வந்தாள். தட்டைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் துணியை இரு விரலால் தூக்கி ஓரத்தைத் திருப்பினாள். அவள் கைவேலை அவளுக்குத் தெரியாதா.

"எந்த வண்டி?"

முத்து சிவப்பு வண்டியைக் காட்டினார்.

"அன்பு ஓட்னதா?"

அவர் தலையசைத்தார். அவள் துணியைத் தட்டில் வைத்தாள். பிறகு மேசைமேல் இருந்த மற்ற துணிகளை எண்ணி அடுக்கி, இதை மட்டும் தனியாக ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு அவர் முன்னால் வைத்தாள். "சாப்புட்டு வேலையை முடிங்க. அரைகுறையா மூடிறாதீங்க."

சாப்பாடு இறங்கவில்லை. வேலையை மட்டும் முடித்தார். டேங்க்கை ஒரு முறை இறைத்து, கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மூலை மூலையாகப் பார்த்தார். வலையையும் புதிதாக மாற்றினார். புது ரப்பர் வளையம் போட்டார். பதினொரு துணியையும் எண்ணினார், இன்னொரு முறை எண்ணினார். பெட்ரோலை வடிகட்டித் திரும்ப ஊற்றினார். மேம்பாலத்தில் மூன்று தடவை ஏறினார். முள் ஐந்தை விட்டு அசையவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. இத்தனை நாளில் ஒரு வேலை சரியாக முடிந்ததற்காக அவர் சந்தோஷப்படாதது அன்றுதான்.

மாலை நாலு மணிக்குக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில் டீச்சர் ஊன்றுகோலோடு நின்றிருந்தார்.

"சரியாயிடுச்சா? என்னவாம்?"

முத்து பாலித்தீன் பையை நீட்டினார். "இதுதான் மேடம். டேங்குக்குள்ள இருந்தது. என் துணி. மழையில நான் தண்ணி எடுத்தப்போ உள்ள விட்டுட்டேன். அன்பு மேல தப்பே இல்ல. வண்டி திக்கினது முழுக்க என்னாலதான்."

டீச்சர் பையை வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்கதானே கையைப் பாருங்கன்னு சொன்னீங்க?"

"ஆமா மேடம்."

நான் திருட்டுன்னு சொல்லலை மேடம் என்று ஒரு வாக்கியத்தை அவர் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். அது நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் பாதி பாரம் டீச்சர் தலையில் ஏறும். அது நியாயம்தான் என்றாலும் அதை ஏற்றி வைக்க அவர் யார்?

டீச்சர் வண்டிமேல் கையை ஊன்றிக்கொண்டார். "முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைங்களை விசாரிச்சவ நான். யார் பென்சில் எடுத்தான்னு கேட்டா, ரெண்டு பக்கமும் கேட்பேன். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலை முத்து. சாவியைக் குடுன்னேன். குடுத்துட்டான்."

போனை எடுத்தார். "குரூப்ல நான் எழுதினா, டீச்சருக்கு மனசு இளகிடுச்சும்பாங்க. உங்க குரல்ல சொல்லுங்க." குரல் பதியும் பட்டனை அழுத்தி முத்துவின் வாய்க்கு நேரே பிடித்தார்.

முத்து இருமினார். "வணக்கங்க. மெக்கானிக் முத்து பேசறேன். ஷீலா டீச்சர் வண்டி நின்னு நின்னு போனதுக்கு நான் டேங்குக்குள்ள விட்ட துணிதான் காரணம். டிரைவர் அன்பு பெட்ரோல் விஷயத்துல ஒரு தப்பும் பண்ணலை. நான்தான் பார்க்காம சொன்னேன். அவ்ளோதாங்க."

போய்விட்டது. மேலே ஏதோ ஒரு வீட்டின் பால்கனியில் இருந்து அவருடைய குரலே அவருக்குத் திரும்பக் கேட்டது. 'வணக்கங்க. மெக்கானிக் முத்து பேசறேன்.' தலையைக் குனிந்துகொண்டு சாவியை நீட்டினார்.

"என்கிட்ட வேண்டாம்" என்றார் டீச்சர். "யார்கிட்ட இருந்து வாங்கினேனோ, அங்கே குடுங்க. நானும் வரேன்." கதவைத் திறந்து, வலிக்கும் காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து, பின்சீட்டில் உட்கார்ந்தார்.

மேம்பாலம் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை வரை போய், திருநீர்மலை வழியாகத் திரும்பினார்கள். அனகாபுத்தூரில் ஒரு குறுகலான சந்து முனையில் டெம்போ நின்றிருந்தது. அன்பு தோளில் ஒரு கேனோடு இறங்கிக்கொண்டிருந்தான். வண்டியை முதலில் சத்தத்தில்தான் அடையாளம் கண்டான் போல. திரும்பிப் பார்க்கும் முன்பே நின்றுவிட்டான். கேனை இறக்கவில்லை.

முத்து இறங்கிப் போய்ப் பையைக் காட்டினார். "அன்பு, டேங்குக்குள்ள இருந்துச்சுப்பா."

அன்பு அரக்கு நூலைப் பார்த்தான்.

"ஓவர்லாக்கு" என்றான்.

"நான்தான் விட்டேன். நீ எதுவும் பண்ணலை."

"இத்த எங்கிட்ட வந்து சொல்றியா? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதாண்ணா? தெரியாதவங்கோ கைல போயி சொல்லு."

"சொல்லிட்டேன். குரூப்ல, என் குரல்லயே."

"எப்போ?"

"இப்பதான்."

"ஒரு மாசம்." அன்பு கேனைத் தரையில் வைத்தான். சட்டைத் தோள் நனைந்து ஒட்டியிருந்தது. "எம் பொண்ணு கேக்குதுண்ணா, நீ பெட்ரோல் எடுத்தியாப்பான்னு. ஸ்கூல் வேன்ல எவனோ சொல்லிக்கீறான். அதுங்கைல நீ வந்து சொல்வியா?"

"வரேன்."

"தார்ப்பா புட்ச்சுக்கினு நின்னேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அப்போது காரின் பின்கதவு திறந்தது. டீச்சர் இறங்க முயன்று, ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே மாட்டிக்கொண்டு நின்றார். பழக்கத்தில் அன்புவின் கை முன்னால் நீண்டது. பாதியில் நிறுத்தினான். பிறகு போய் முழங்கையைப் பிடித்தான்.

"அன்பு, நான் உன்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும் டீச்சர்" என்றான் அவன். "ஒரு வார்த்த."

டெம்போவுக்குள்ளிருந்து யாரோ கேன் கேன் என்று கத்தினார்கள். "வரேன்யா, பேஜார் பண்ணாத" என்று அன்பு திரும்பிக் கத்தினான். அந்தப் பக்கமே பார்த்தபடி சொன்னான்: "இன்னிக்கு வூட்ல வுட்டுட்டு வரேன் டீச்சர். இந்தக் காலை வெச்சிகினு நீங்கோ எப்டிப் போவீங்கோ. நாளைக்குக் கத நாளைக்கு."

முத்து சாவியை நீட்டினார். நகக்கண்ணில் இன்னும் பெட்ரோல் வாடை. அன்பு உடனே வாங்கவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்து பெட்ரோல் முள்ளை முதலில் பார்த்தான்.

"முக்கால் கீது" என்றான். "நீயும் பாத்துக்கோ. இப்போ என் கைல குடுக்கும்போது முக்கால்."

முத்து குனிந்து பார்த்தார். முக்கால்தான். "முக்கால்" என்று அவரும் சத்தமாகச் சொன்னார். அன்பு கையைச் சட்டையில் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.